உப்புக்காரியின் தம்பி

உப்புக்காரியின் தம்பி இரண்டாம் புத்தகத்தின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு நான்கு புத்தகங்கள் வந்துவிட்டன. ஆளைக் காணோம். இதில் உங்களுக்கும் எனக்கும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் பெண் ஒருத்தி, அவன் எங்கே போனான் என்று ஒன்பது வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

புத்தகங்களின் பெயர் 'நிழல்வரி'. மொத்தம் ஏழு பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். அந்த நாட்டில் அரசிக்கு நிழல் கிடையாது. அதனால் வீட்டுக்கு ஒருவர் தன் நிழலை அரண்மனையில் வெட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கொடுத்தவர் செத்துப்போவதில்லை. செத்தால்தான் நாலு பேர் அழுவார்களே! இவரை வீட்டார் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுவார்கள். முதலில் பெயர் மறக்கும், பிறகு முகம். கடைசியில் சாப்பாட்டுக்கு ஒரு தட்டைக் குறைத்து வைக்கப் பழகிவிடுவார்கள். அவர் அதே வீட்டில், அதே மூலையில் உட்கார்ந்திருப்பார். வீடு வீடாக உப்பு விற்கும் ஒருத்தி மட்டும் அப்படி மறக்கப்பட்டவர்களை எல்லாம் நினைவில் வைத்திருப்பாள். அந்த உப்புக்காரிக்குத்தான் ஒரு தம்பி.

அறிவிப்பாளருக்கு வயது நாற்பத்து நான்கு. ஒரு கல்யாணம் ஆகி, ஒன்றரை வருடத்தில் அது இல்லையென்றும் ஆகி, அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவள். வந்த புதிதில் 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான் பேச்சு. அந்தக் கொஞ்ச நாள் பதினேழு வருடமாகிவிட்டது. அண்ணி நல்லவள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது படிக்கட்டின் கீழே நின்று, "என்னம்மா, உன் ராணி இன்னைக்கு யாரை முழுங்கினா? வந்து சோத்தை முழுங்கு, ஆறிப்போகுது" என்பாள். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் 'நிழல்வரி'யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நிலையத்தில் அவளுக்குக் கண்ணாடி போட்ட ஒரு கூண்டு. மேசையில் மைக், பேருந்துகளின் நேரப் பட்டியல், பொத்தான், பொத்தானை அழுத்தினால் எரியும் சிவப்பு விளக்கு. எட்டு மணி நேரம் அவள் பேசுவாள். ஆயிரக்கணக்கானவர்கள் அவள் சொல்வதைக் கேட்டு எழுவார்கள், ஓடுவார்கள், பெட்டியைத் தூக்குவார்கள். ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். நாள் முழுக்கப் பேசிவிட்டு, இன்றைக்கு யாரோடும் பேசவில்லையே என்ற நினைப்போடு அவள் வீடு திரும்புவாள்.

ஆனால் மாடி அறையின் கதையே வேறு. அலமாரிக் கதவின் உட்பக்கம் அவள் கையால் வரைந்த நிழல்வரி நாட்டின் வரைபடம் ஒட்டியிருந்தது. மேசையில் ஐந்து குறிப்பேடுகள். ஒன்றில் செத்தவர்கள், ஒன்றில் மறக்கப்பட்டவர்கள். ஒன்று முழுக்கக் கதவுகள். ஆறு புத்தகங்களில் எத்தனை கதவுகள் திறக்கின்றன, எத்தனை மூடுகின்றன, யார் திறந்தது, எந்தக் கை என்று பக்க எண்ணோடு எழுதி வைத்திருந்தாள். மொத்தம் முந்நூற்று எழுபத்தொரு கதவுகள். திறந்தவை அத்தனையையும் யாராவது ஒருவர் எங்காவது மூடியிருந்தார்கள், ஒன்றே ஒன்றைத் தவிர. அது தம்பி நுழைந்த கதவு. மூடாத கதவு என்றால் அவன் திரும்பி வருவான் என்றுதானே அர்த்தம்? இதில் அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் இருநூறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு. அங்கே யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை, தொழிலைக் கேட்பதில்லை. அங்கே அவள் பெயர் 'சாவி'. அரண்மனைக்கு எத்தனை படி என்று யாராவது கேட்டால் ஒரு நிமிடத்தில் சாவியின் பதில் வரும், பக்க எண்ணோடு. சாவி சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. உலகத்தில் அவள் வாயைத் திறப்பதற்காக மனிதர்கள் காத்திருந்த ஒரே இடம் அதுதான்.

அவளிடம் எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் 'முக்கால்'. எந்தப் பாகம் வந்தாலும் முக்கால்வாசி படித்துவிட்டு, தீர்ந்துபோய்விடுமே என்ற பயத்தில் ஒரு வாரம் மூடி வைத்துவிடுவான். அதனால் அந்தப் பெயர். தொழிலைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தையும் மீறி, தான் லிஃப்ட் பழுது பார்ப்பவன் என்று முதல் வாரமே உளறிவிட்டவன். அவளைச் சாவி என்று கூப்பிட மாட்டான், கதவுக்காரி என்பான்.

"ஆசிரியர் மறந்துட்டாரு, கதவுக்காரி. ஏழு புத்தகம் எழுதற மனுஷன் ஒரு தம்பியை மறக்க மாட்டாரா? எங்க மாமா சொந்தத் தம்பிக்கே கல்யாணப் பத்திரிகை வைக்க மறந்துட்டாரு. இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"உங்க மாமா மறப்பாரு. இவரு மறக்க மாட்டாரு. நூத்திப் பதினெட்டாம் பக்கத்தைத் திரும்பப் படி."

"அதைப் படிச்சுப் படிச்சு அந்தப் பக்கம் கிழிஞ்சே போச்சு."

"ஒட்டிட்டுப் படி."

ஒன்பது வருடமாக இதே சண்டைதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் நாலு வரி, மதியம் சாப்பிடும்போது நாலு வரி. தம்பியில் ஆரம்பித்து, நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்னவெல்லாம் உளறுவார்கள் என்பதில் முடியும். காய்ச்சலில் அவள் மூன்று நாள் படுத்திருந்தபோது, மாத்திரை போட்டாயா என்று மணிக்கொரு தரம் கேட்டது அண்ணியில்லை, முகம் தெரியாத இந்த ஆள்தான்.

மூன்று தடவை அவன் நேரில் பார்க்கலாமா என்று கேட்டான். மூன்று தடவையும் அவள் ஏதோ சாக்குச் சொன்னாள். அவனைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. சாவியைப் பார்க்க வருகிறவன் முன்னால் போய் நிற்கப் போவது யார்? முன்நெற்றி முடி நரைத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே பட்டியலைத் தினம் வாசிக்கிற ஒருத்தி. ஒரு பார்வையில் அவன் முகம் விழுந்துவிட்டால் பிறகு இந்த நாலு வரியும் இல்லாமல் போகும். இருப்பதையும் கோட்டை விட அவளுக்குத் தைரியமில்லை. ஊர்ப் பெயரை மட்டும் ஒரு தடவை சொல்லியிருந்தாள்.

அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. அதைப் போட்டவளும் அவள்தான். நாலாம் பாகம் வந்த அன்று காலையிலேயே ஓர் அவசரக்குடுக்கை, 'வரைபடக் கிழவன் செத்துட்டான்!' என்று குழுவில் போட்டுவிட்டது. கிழவன் அவளுக்கு உயிர். புத்தகத்தைப் பிரிக்கும் முன்பே அழுது தீர்த்தாள். கிழவன் செத்த பக்கத்தை அவள் பிறகு படித்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. மறுவாரமே விதி வந்தது. புதிய பாகம் எவர் கையிலாவது கிடைத்த நிமிடத்திலிருந்து முப்பது நாள் மௌனம். குழுவில் எழுதக் கூடாது, தனிச்செய்தி அனுப்பக் கூடாது, வந்தாலும் திறக்கக் கூடாது. முப்பதாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வாயைத் திறக்கலாம். ஐந்தாம் பாகத்துக்கும் ஆறாம் பாகத்துக்கும் ஒருவர்கூட விதியை மீறவில்லை.

ஏழாவது பாகம் வெளியாவதற்கு முந்தைய நாள். காலை பத்து இருபதுக்கு, இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே, மேசையிலிருந்த கைப்பேசி மினுங்கியது. முக்கால். திரையில் முதல் வரி மட்டும் தெரிந்தது. 'புத்தகம் கைக்கு வந்துடுச்சு!'

அவளுக்குப் பகீரென்றது. அவன் ஊர்க் கடைக்காரர் ஒரு நாள் முன்னதாகவே கட்டைப் பிரித்துவிடுவார் என்று அவன் பெருமையடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. கைக்கு வந்த நிமிடத்திலிருந்து மௌனம் என்பது இவனுக்குத் தெரியாதா? அடுத்த வரியில் தம்பி இருப்பான். வந்தான் என்றோ வரவில்லை என்றோ இருக்கும். ஒன்பது வருடத்தை ஒரே வரியில் போட்டு உடைத்துவிடுவான். "நீயுமாடா?" என்று வாய்விட்டே சொன்னாள். நல்லவேளை, சிவப்பு விளக்கு எரியவில்லை. செய்தியைத் திறக்காமல், அவனிடமிருந்து வருவது எதுவும் கண்ணில் படாதபடி அமுக்கி வைத்துவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் போட்டுப் பையின் வாயை இழுத்து மூடினாள். பிறகு வழக்கம்போலப் பட்டியலை வாசித்தாள்.

மறுநாள் புத்தகம் வந்தது. அறுநூற்று நாற்பது பக்கம். சாதாரண வாசகர் என்றால் மூன்று நாளில் முடித்துவிடுவார். இவள் சாதாரணமா? ஒரு பக்கம் படிப்பது, குறிப்பேட்டைத் திறப்பது, அலமாரியைத் திறந்து வரைபடத்தில் குறிப்பது, மறுபடியும் அந்தப் பக்கத்தைப் படிப்பது. முதல் வாரம் முழுக்க அவன்மீது கோபம்தான். இரண்டாம் வாரம் கோபம் ஆறிவிட்டது. மூன்றாம் வாரம், படிக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் மனசுக்குள் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ராணியின் நிழல் கிணற்றுக்குள் கிடைக்கிற இடத்தில், "பார்த்தியா, நான் அஞ்சாம் பாகத்துலயே சொன்னேன்" என்று அறைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவர் என்ன சொல்லும்? முந்தைய இரண்டு மௌனங்களும் இவ்வளவு நீளமாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. வேலை, மாடி, புத்தகம். இப்படியே நாட்கள் ஓடின. அண்ணி ஒரு நாள் மாடிக்கே ஏறி வந்து, "உடம்புக்கு ஏதாவதா? பேச்சே இல்லையே" என்று கேட்டாள். அதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினாள்.

இருபத்தாறாம் நாள் புத்தகம் முடிந்தது. தம்பி வரவில்லை.

வரவில்லை என்றால், செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. அறுநூற்று நாற்பது பக்கத்தில் அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. உப்புக்காரிகூட அவனை நினைக்கவில்லை. ஏதாவது வரியைத் தவறவிட்டோமோ என்று மூன்று நாள் உட்கார்ந்து மறுபடியும் புரட்டினாள். புதிதாக நாற்பத்தொரு கதவுகள் கிடைத்தன, எல்லாம் ஒழுங்காக மூடியவை. முக்கால் சொன்னதுதான் சரி. ஆசிரியர் மறந்துவிட்டார். அவ்வளவுதான்.

மூக்குடைபட்டதில் அவள் அழுதிருக்க வேண்டும். அவளுக்கு என்னவோ சிரிப்புதான் வந்தது. தோற்றுப்போனதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு அவசரம். அவன் எப்படியெல்லாம் கொண்டாடுவான், மாமாவின் கல்யாணப் பத்திரிகையை எத்தனை தடவை இழுப்பான் என்று நினைத்து நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு இன்னொன்றும் வந்தது. தம்பி இல்லாவிட்டால் இனி என்னத்தைப் பேசுவது? புத்தகம் முடிந்துவிட்டது. இன்னொரு பாகம் கிடையாது. அவன் நாலாவது தடவை கேட்டால் சரியென்று சொல்லிவிட வேண்டும் என்று, துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவள் முடிவே செய்துவிட்டாள். கேட்காவிட்டால் தானே கேட்டுவிடுவது. முகம் விழுந்தால் விழட்டும்.

முப்பதாம் நாள் பன்னிரண்டு மணிக்குக் கூண்டில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கைப்பேசியை எடுத்தாள். 'நீ ஜெயிச்சுட்ட, போ' என்று அனுப்ப வேண்டியதுதான். அதற்கு முன்னால் அவன் செய்திகளைத் திறந்தாள். ஒன்றில்லை, நான்கு இருந்தன. நான்கும் ஒரே நாளில் வந்தவை.

'புத்தகம் கைக்கு வந்துடுச்சு! பயப்படாதே, பிரிக்கல. விதியை மீறிட்டேன், இந்த ஒரு தடவை மன்னிச்சுடு. ரெண்டு வாங்கினேன், ஒண்ணு உனக்கு. வெளிநாட்டுல ரெண்டு வருஷ வேலை, இன்னைக்குக் கிளம்பறேன். வழியில உங்க ஊர்லதான் பஸ் மாறணும். மூணாம் நடைமேடையில, தண்ணிக் குழாய்க்கு எதிர் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். ரெண்டேகாலுக்குத்தான் அடுத்த பஸ். அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன். பேசக்கூட வேண்டாம், புத்தகத்தை வாங்கிட்டுப் போ.'

அடுத்தது பதினொன்றரைக்கு வந்தது. 'உங்க ஊர்ல பஸ்ஸுக்கு அறிவிப்பு சொல்ற குரல் நல்லா இருக்கு. முதல்ல ரெக்கார்டிங்னு நினைச்சேன். நடுவுல திடீர்னு ஒரு தும்மல்! பெஞ்சுல இருந்த எல்லாரும் சிரிச்சுட்டோம். அந்தம்மா ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடியும் முதல்லேருந்து சொல்லுது. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.'

ஒன்று ஐம்பதுக்கு. 'மூணு தடவை வேண்டாம்னு சொன்னவளை நாலாவது தடவை கேட்டது என் தப்பு. பரவாயில்ல, கோபமில்ல. எனக்கு ஒன்பது வருஷம் பேச்சுத்துணையா இருந்த. அது போதும்.'

இரண்டு பன்னிரண்டுக்கு. 'பஸ் வந்துடுச்சு. உன் புத்தகத்தையும் நானே எடுத்துட்டுப் போறேன். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன். நீ சொன்ன மாதிரியே தம்பி வரட்டும்.'

அவள் நாலையும் ஒரு தடவை படித்தாள். அன்றைய தும்மல் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பெருக்குகிறவர் கதவைத் திறந்து வைத்துவிட்டதால் கூண்டுக்குள் புழுதி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே தும்மல் வந்துவிட்டது. ஊரே சிரித்திருக்கும் என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வாசித்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் பேருந்து வந்துவிட்டதென்று அவனுக்குச் சொன்னதும் அவள்தான். போகும் ஊரைச் சொன்னாள், நடைமேடை எண்ணைச் சொன்னாள், சீக்கிரம் ஏறிக்கொள்ளும்படியும் சொன்னாள்.

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மூன்றாம் நடைமேடைக்குப் போனாள். முப்பத்தெட்டு அடி. பெஞ்சில் ஒரு குடும்பம் பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த அந்த வீட்டுப் பெரியவர், "உட்காரும்மா, இடமிருக்கு" என்றார். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

குழுவுக்குள் அதற்குள் திருவிழாக் கூட்டம். 'சாவி எங்கே? தம்பி வரவே இல்லையே!' 'சாவி, கதவை இப்பவாவது மூடலாமா?' 'முக்கால் எங்கப்பா? கடைசிப் பாகத்தையும் முக்கால்லயே நிறுத்திட்டானா?' அதற்கு முப்பது பேர் சிரித்திருந்தார்கள். அவள் முக்காலின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கடைசியாக அவன் வந்துபோனது அன்றைக்கு மதியம், இரண்டு பன்னிரண்டு. அவன் வராததை இருநூறு பேரில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. எல்லோரும் விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். விதியைப் போட்ட புண்ணியவதியும் காப்பாற்றினாள்.

குழுவில் அவள் ஒன்றும் எழுதவில்லை. அவனுக்கு எழுதினாள். புத்தகத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பாய் என்று நினைத்துத் திறக்கவில்லை என்று எழுதினாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே அது சாக்குப்போலத் தெரிந்தது. ஏற்கெனவே மூன்று சாக்குச் சொன்னவள். அழித்தாள். மன்னித்துவிடு என்று எழுதி அழித்தாள். இந்த மாதம் முழுக்க உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதி, அதையும் அழித்தாள். நடுநடுவே பொத்தானை அழுத்தி அறிவிப்பும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி வாக்கில் ஒரே வரி மிஞ்சியது.

'அன்னைக்குத் தும்மினது நான்தான்.'

அனுப்பிவிட்டாள்.

இரண்டேகால் பேருந்து மூன்றாம் நடைமேடைக்கு வந்து நின்றது. பொத்தானை அழுத்தினாள். எந்த அறிவிப்பும் இரண்டு தடவை சொல்வதுதான் நிலையத்து வழக்கம். அவள் இரண்டு தடவை சொல்லி, விளக்கை அணைக்காமல், மூன்றாவது தடவையும் சொன்னாள். நிலைய மேலாளர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, எல்லாரும் ஏறியாச்சு. இன்னும் யாரைக் கூப்பிடறீங்க?" என்றார்.

"இல்ல சார், பழக்கதோஷம்" என்று சொல்லி விளக்கை அணைத்தாள். பேருந்து கிளம்பிப் போனது. கைப்பேசியைப் பார்த்தாள். செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை.